புதுக் கம்ப்யூட்டரும் திறக்காத இணையமும் - ஒரு சிறு வரலாறு

தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் ராயப்பன்பட்டி. ஒரு பக்கம் சண்முகாநதி அணை, இன்னொரு பக்கம் திராட்சைப் பந்தல். கம்பம் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களைப் போல இங்கும் விவசாயமும் பிள்ளைகளின் படிப்பும்தான் மூலதனம்.

2000-களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட ஓர் ஊரில் ஒரு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தால் அது தெருவுக்கே செய்தி. கம்பெனி கம்ப்யூட்டர் விலை கட்டுப்படியாகாது. தேனியிலோ மதுரையிலோ ஒரு கடையில் மதர்போர்டு, பிராசசர், ராம், கேபினட் எல்லாம் தனித்தனியாக வாங்கி மாட்டிக் கொடுக்கும் 'அசெம்பிள்டு' கம்ப்யூட்டர்தான் வரும். கடையிலிருந்து வரும் பையன் ஒயரை எல்லாம் சொருகி, ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். பாட்டு பாடும். படம் ஓடும். சீட்டு விளையாடலாம்.

ஆனால் நீல நிற 'இ' படத்தைச் சொடுக்கினால் வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் வந்து நிற்கும்: 'தி பேஜ் கேனாட் பி டிஸ்ப்ளேய்டு'.

இவ்வளவு பணம் போட்டு வாங்கியது இதற்குத்தானா என்று அப்பா கேட்பார். "உனக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று அண்ணன் சொல்வான். பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வேண்டிய நாளில் அந்த வாக்கியம் வந்தால் அழுகையே வந்துவிடும். உண்மையில் தப்பு அந்த வீட்டில் யார் மேலும் இல்லை. அந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னால் பதினைந்து, இருபது வருட வரலாறு இருக்கிறது. அது என்ன என்று பார்ப்போம்.

முதல் பூட்டு: ஊர்

இந்தியாவில் கணினிகளை வலையில் இணைக்கும் வேலை 1986-ல் எர்நெட் என்ற கல்வி ஆராய்ச்சித் திட்டத்தோடு தொடங்கியது. சென்னை ஐஐடியும் அதில் ஒரு பங்காளி. ஆனால் அது ஆராய்ச்சியாளர்களுக்கானது. பொதுமக்களுக்கு இணையம் விற்பனைக்கு வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. விற்றது விஎஸ்என்எல் என்ற அரசு நிறுவனம். மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்கள்தான் முதலில். வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். இன்று ஒரு கைபேசியில் ஒரு போட்டோ வந்து இறங்கும் வேகத்தோடு இதை ஒப்பிடவே முடியாது.

சென்னையில் இணையம் வந்துவிட்டது என்றால் ராயப்பன்பட்டிக்கு என்ன லாபம்? டயல்-அப் முறையில் கம்ப்யூட்டர் ஒரு போன் நம்பருக்குக் கால் போட வேண்டும். அந்த நம்பர் சென்னையில் இருந்தால் அது எஸ்டிடி கால். நிமிடத்துக்கு நிமிடம் மீட்டர் ஓடும். இணையக் கட்டணத்தைவிட போன் பில் பெரிதாக வரும். அதனால் கேபிள் போட்டது மட்டும் போதவில்லை, கட்டண முறையும் மாற வேண்டியிருந்தது. 172 என்று தொடங்கும் எண்கள் வந்தன. அந்த எண்ணுக்கு எந்த ஊரிலிருந்து போட்டாலும் உள்ளூர்க் கட்டணம்தான் என்ற ஏற்பாடு. சின்ன ஊர்களில் டயல்-அப் கட்டுப்படியானது இதனால்தான். ஒரு தொழில்நுட்பம் ஓர் ஊருக்கு வந்து சேர்வதை கட்டணப் பட்டியலின் ஒரு வரி தீர்மானிக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். வணிகவியல் வகுப்பில் பாடமாகவே வைக்கலாம்!

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இணையச் சேவை தரலாம் என்று அரசு கொள்கையை மாற்றியது. சத்யம் இன்ஃபோவே முதலில் வந்தது. 2000 அக்டோபர் 1-ல் தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பிரிவு பிஎஸ்என்எல் ஆனது. கடைகளில் இணைய நேரம் அடைத்த கார்டுகள் விற்க ஆரம்பித்தார்கள். கார்டைச் சுரண்டினால் யூசர் பெயரும் கடவுச்சொல்லும் வரும்.

இதே காலத்தில் பக்கத்து மாவட்டத்தில் வேறொரு சோதனை நடந்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001-ல் 'சாரி' என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையில், ஒரு கோபுரம் வைத்துச் சுற்றியுள்ள கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். கம்பி போய்ச் சேராத ஊருக்கும் இணையம் போகும் என்பதை அந்தத் திட்டம் காட்டியது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு அப்போதும் நம்பிக்கை போன் கம்பிதான்.

இரண்டாம் பூட்டு: மோடம்

போன் கம்பி குரலுக்காகப் போட்டது. கம்ப்யூட்டர் பேசுவது 0, 1. இதை ஒலியாக மாற்றி அனுப்பி, வரும் ஒலியை மறுபடி எண்ணாக மாற்றும் பெட்டிதான் மோடம். 'கீ... கொர்ர்ர்... ங்ங்ங்' என்று அது போடும் சத்தம் அந்தத் தலைமுறைக்கு மறக்காது. இரண்டு மோடம்கள் ஒன்றையொன்று விசாரித்து "எந்த வேகத்தில் பேசலாம்?" என்று முடிவு செய்யும் பேச்சுவார்த்தைதான் அந்தச் சத்தம்.

அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் விலையைக் குறைக்க மதர்போர்டுக்குள் சொருகும் மலிவான மோடம் கார்டு போடுவார்கள். இதற்கு 'வின்மோடம்' என்று பெயர். மோடம் செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் கம்ப்யூட்டரின் பிராசசர் தலையில் கட்டிவிடும் என்பதால்தான் அது மலிவு. அதற்கென்று எழுதிய டிரைவர் மென்பொருள் இல்லாவிட்டால் அது வெறும் தகடு.

இங்கேதான் ஒரு பெரிய சிக்கல். மோடத்துக்கான டிரைவர் சிடி கடையிலேயே தங்கிவிடும், அல்லது கீறல் விழுந்திருக்கும். விண்டோஸை மறுபடி போட்டால் டிரைவர் போய்விடும். டிரைவர் எங்கே கிடைக்கும்? இணையத்தில்! இணையத்துக்கு எப்படிப் போவது? மோடம் வேண்டும்! பூட்டுக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய கதை. பிராட்பேண்ட் வந்தபிறகு இதே கதை லேன் கார்டுக்கு நடந்தது. விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது 2001-ல். 2006-ல் வாங்கிய மதர்போர்டில் உள்ள லேன் சிப்பை 2001-ல் எழுதிய எக்ஸ்பிக்கு எப்படித் தெரியும்? டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறி ஒன்று உட்கார்ந்திருக்கும். நண்பன் வீட்டிலோ பிரவுசிங் சென்டரிலோ பதிவிறக்கி, ஃப்ளாப்பியிலோ பென் டிரைவிலோ கொண்டுவந்து போட வேண்டும். கடை தேனியில் என்றால் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். போக, வர, காத்திருக்க என்று ஒரு நாள் போய்விடும். எந்த பில்லிலும் வராத செலவு இது.

அடுத்தது வேகக் கணக்கு. '56 கே' மோடம் என்றால் விநாடிக்கு 56 கிலோபிட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். எனவே நல்ல லைனில் விநாடிக்கு 5 கிலோபைட் வந்தால் அதிர்ஷ்டம். அந்தக் கணக்கில் 5 எம்பி உள்ள ஒரு உலாவியை இறக்க 17 நிமிடம். அதற்குள் வீட்டுக்கு யாராவது போன் போட்டு லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து!

மூன்றாம் பூட்டு: 60 விநாடி

2003 ஆகஸ்டில் உலகம் முழுக்க 'பிளாஸ்டர்' என்ற புழு பரவியது. மின்னஞ்சலைத் திறக்க வேண்டாம், எதையும் சொடுக்க வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பி அல்லது 2000 உள்ள கம்ப்யூட்டர் இணையத்தில் இணைந்தாலே போதும், அதுவே உள்ளே நுழைந்துவிடும். உடனே திரையில் ஒரு பெட்டி வரும். 60 விநாடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்று எண்ணிக்கை இறங்க ஆரம்பிக்கும்.

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் இணையத்தில் இணைந்த சில நிமிடத்திலேயே அணைந்தால் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? "எஸ்எம்பிஎஸ் போச்சு", "கரண்ட் சரியில்லை", "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்". உண்மைக் காரணம் எக்ஸ்பியில் இருந்த ஓட்டை. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே, 2003 ஜூலையில் வெளியிட்டிருந்தது. ஆனால் பழைய சிடியிலிருந்து விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டரில் அந்தத் திருத்தம் எப்படி இருக்கும்? எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, ஆனால் அது தானாக இயங்கும்படி வைக்கப்படவில்லை. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-ல்தான் அது தானாக இயங்க ஆரம்பித்தது.

அந்த சர்வீஸ் பேக்கின் முழு அளவு 266 எம்பி. விநாடிக்கு 5 கிலோபைட் கணக்கில் இறக்கினால் சுமார் 15 மணி நேரம்! கிராமத்து டயல்-அப்பில் இது நடக்கிற காரியமா? கம்ப்யூட்டர் இதழ்களோடு இலவசமாக வந்த சிடிக்கள் அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய உதவி என்பது இப்போது புரியும். பாதுகாப்பு கூட நல்ல லைன் உள்ளவருக்கு முதலிலும் மற்றவருக்குக் கடைசியிலும் போய்ச் சேர்ந்தது.

நான்காம் பூட்டு: 678, 691

2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. விநாடிக்கு 256 கிலோபிட்டுக்குக் குறையாத, எப்போதும் இணைப்பில் இருக்கும் சேவைதான் பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' வந்தது. மாதம் 500 ரூபாய்க்கு 256 கிலோபிட். அதே பழைய போன் கம்பிதான். ஆனால் குரல் போகாத உயர்ந்த அலைவரிசையில் தரவு போகும். அதனால் போனும் பேசலாம், இணையமும் பார்க்கலாம். பின்னர் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது என்ற திட்டமும் வந்தது. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்த ஒரு தலைமுறையே உண்டு!

இதில் புதிய பூட்டுகள். கம்பியின் நீளம் முதல் பூட்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் போனால் இந்த முறை பலவீனமாகிவிடும். எக்ஸ்சேஞ்சில் அதற்கான கருவியும் வைத்திருக்க வேண்டும். அதனால் நகரத்துக்கு வந்து வெகுநாள் கழித்தே கிராமத்துக்கு வந்தது. 2009 ஜனவரியில் கிராமப்புறக் கம்பிவழி பிராட்பேண்டுக்கு மத்திய அரசின் சேவை நிதியிலிருந்து மானியம் தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

வீட்டுக்குள் வந்தபின் ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டி. குரலையும் தரவையும் பிரிப்பது இதன் வேலை. இதைப் போடாமல் போனையும் மோடத்தையும் நேரடியாகச் சேர்த்தால், போன் மணி அடிக்கும்போதெல்லாம் இணையம் அறுந்துபோகும். "போன் வந்தா நெட் கட்டாகுது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இந்தப் பெட்டிதான் பதில்.

பிறகு எண்கள். விண்டோஸ் தந்த பிழை எண்கள் பார்க்கப் பயமுறுத்தும். உண்மையில் அவைதான் நண்பர்கள். 678 என்றால் எதிர்முனையிலிருந்து பதிலே இல்லை: மோடத்தின் விளக்கையும் கம்பியையும் பார். 691 என்றால் எதிர்முனை பேசுகிறது, ஆனால் பெயரோ கடவுச்சொல்லோ தப்பு: கம்பியைத் தொடாதே. 769 என்றால் வெளியே போகவே வழியில்லை: லேன் கார்டு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். இந்த மூன்று எண்ணின் பொருளைத் தெரிந்தவர் ஊரில் ஒருவர் இருந்தால் அவருக்கு ராஜ மரியாதை!

இன்னொரு விசித்திரமும் உண்டு. சில தளங்கள் திறக்கும், சில தளங்கள் பாதியில் நிற்கும். கம்பி சரி, கடவுச்சொல் சரி. காரணம் மூட்டையின் அளவு. வீட்டு வலையில் தரவு 1500 பைட் மூட்டைகளாகப் போகும். பிராட்பேண்டில் பயன்பட்ட பிபிபிஓஇ என்ற முறை ஒவ்வொரு மூட்டைக்கும் 8 பைட் முத்திரை ஒட்டும். அதனால் சரக்குக்கு 1492 பைட்தான் இடம். இந்தக் கணக்கு இரு முனைக்கும் தெரியாவிட்டால் பெரிய மூட்டைகள் வழியில் காணாமல் போகும், சிறியவை போய்ச் சேரும். எண்ணை 1492 ஆக்கினால் சரியாகும். யார் வீட்டில் யார் இதைக் கண்டுபிடிக்க முடியும்?

தேதியும் ஒரு வில்லன். மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டரின் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் காட்டும் சான்றிதழுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு. கம்ப்யூட்டர் தன்னை 2002-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், 2007-ல் கொடுத்த சான்றிதழை 'இன்னும் பிறக்கவில்லை' என்று தள்ளிவிடும். வங்கித் தளம் திறக்காது, மின்னஞ்சல் முரண்டு பிடிக்கும். தீர்வு ஒரு சின்ன பேட்டரி!

ஐந்தாம் பூட்டு: தமிழ்

எல்லாப் பூட்டும் திறந்து, உலாவியும் திறந்து, ஒரு தமிழ்ப் பக்கத்துக்குப் போனால்... கட்டம் கட்டமாகத் தெரியும். அல்லது தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். ராயப்பன்பட்டி வீட்டுக்கு இதுதான் கடைசிப் பூட்டு. மற்ற பூட்டுகள் எந்த நாட்டவருக்கும் வரும். இது தமிழருக்கென்றே செய்த பூட்டு.

தமிழ் இணையத்தில் தாமதமாக வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995 அக்டோபரிலேயே தமிழை இணையத்தில் ஏற்றிவிட்டார். இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் வந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது அப்போது. 1998 பொங்கல் அன்று கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்தபடி மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். சங்க இலக்கியம் முதல் பாரதி வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றினார்கள்.

சிக்கல் எங்கே? கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். தமிழில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எண் கொடுத்தது. ஐரோப்பிய எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். ஒரு பத்திரிகையின் தளத்தைப் படிக்க ஒரு எழுத்துரு, இன்னொன்றுக்கு இன்னொன்று. எழுத்துரு இல்லையென்றால் அந்த ஐரோப்பிய எழுத்துகளே தெரியும். அதுதான் அந்தக் கிறுக்கல்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நாடு அரசு 'தமிழ்நெட் 99' மாநாட்டை நடத்தியது. தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களும் தரமாக அறிவிக்கப்பட்டன. இணையத்தில் இருந்த தன்னார்வலர்கள் பலர் டிஸ்கி என்ற இன்னொரு குறியேற்றத்தை உருவாக்கிப் பயன்படுத்தினார்கள். நோக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் படிப்பவருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பூட்டுகள் கூடின.

மறுபக்கம் உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை என்று வந்த யுனிகோடில் 1991-ன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 128 இடங்கள். இதில் எழுத்துக்கு எண் மட்டும்தான். கொம்பை இடப்பக்கம் நகர்த்துவதும், புள்ளியை உச்சியில் வைப்பதும் இயங்குதளத்தின் வேலை. விண்டோஸ் 2000-ல்தான் மைக்ரோசாஃப்ட் தமிழுக்கு இந்த வசதியையும் லதா எழுத்துருவையும் முதன்முதலாகக் கொடுத்தது.

எக்ஸ்பியிலும் அது இருந்தது. ஆனால் நிறுவும்போது தானாக வராது! 'தேனி' என்ற பெயரில் கொம்பு நகராமல் 'தனேி' போலத் தெரியும். 'கம்பம்' என்ற பெயரில் புள்ளி மேலே ஏறாமல் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும். சரிசெய்ய கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குப் போய் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த வாசகம் என்ன தெரியுமா? சிக்கலான எழுத்துகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்குமான கோப்புகள், தாய் மொழி உட்பட! (இது தாய்லாந்தின் தாய் மொழி; நம் தாய்மொழி இல்லை.) அந்த வரியில் தமிழ் என்ற பெயரே கிடையாது. ராயப்பன்பட்டியில் உள்ள ஒரு மாணவி தமிழ் படிக்க வேண்டுமானால் தாய்லாந்துக்காரருக்கான கட்டத்தில் டிக் போட வேண்டும் என்று யார் சொல்லித் தெரிவது?

டிக் போட்டதும் "விண்டோஸ் சிடியைப் போடு" என்று கேட்கும். சிடி கடையில். கடை தேனியில். மறுபடி பஸ்!

உலாவியும் தன் பங்குக்குச் சோதித்தது. 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தபோது பலரும் ஆசையாக மாறினார்கள். ஆனால் ஒரு பக்கத்தை இரு ஓரமும் ஒழுங்காக இருக்கும்படி அமைத்திருந்தால், ஃபயர்பாக்ஸ் தமிழ் எழுத்துகளை உடைத்துப் போட்டது. கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம். பக்கம் எழுதியவர் தன் உலாவியில் அழகாகப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். படித்தவர் தன் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பார். 2008 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3-ல் இது சரியானது.

தேனீ

இந்த இடத்தில் உமர்தம்பி என்ற பெயரைச் சொல்லாமல் போனால் அது நன்றிகெட்ட செயல். அதிராம்பட்டினத்துக்காரர். தமிழ் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரிலும் தமிழ் தெரிய வேண்டும் என்று உழைத்தவர். அவர் செய்த யுனிகோட் எழுத்துருவின் பெயர் 'தேனீ'! தளத்தை நடத்துபவர் அதைத் தன் பக்கத்தோடு இணைத்துவிட்டால், படிப்பவரின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தானாகவே எழுத்துருவை இறக்கிக்கொண்டு தமிழைக் காட்டும். படிப்பவர் எதையும் நிறுவ வேண்டாம், சிடி தேட வேண்டாம். இதை அவர் இலவசமாகக் கொடுத்தார். 2006-ல் அவர் மறைந்தார்.

அவர் மட்டுமல்ல. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தந்தார். முகுந்த் இ-கலப்பையைத் தந்தார். சுரதா எழுதிய பொங்குதமிழ் மாற்றியில் பழைய குறியேற்றத்தில் உள்ளதை ஒட்டினால் யுனிகோடாகத் திரும்பி வரும். நாளிதழ்களும் அரசும் ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னே, இவர்கள் ஒவ்வொரு வீட்டின் பூட்டுக்கும் சாவி செய்துகொண்டிருந்தார்கள். 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது, 2004-ல் காசி ஆறுமுகத்தின் தமிழ்மணம் வந்தது. இரண்டும் நின்றது யுனிகோடின் மேல்தான். தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றது 2010 ஜூனில். முதல் யுனிகோட் பதிப்புக்கும் இதற்கும் இடையே 19 வருடம்.

பூட்டு திறந்தது எப்படி?

2007-ல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் தமிழ் தானாகவே தெரிந்தது. கட்டமும் இல்லை, டிக்கும் இல்லை. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பல கிராமத்து வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். டிரைவர் தேட வேண்டாம், தமிழ் தெரியுமா என்று பயப்பட வேண்டாம். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்தது. 2016-க்குப் பிறகு மலிவான 4ஜி வந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. மோடத்தின் சத்தமும் 678-ம் இன்று பழங்கதை.

ஆனாலும் இந்தப் பழங்கதையில் இன்றைக்கும் உதவும் இரண்டு பாடம் உண்டு.

முதலாவது, தேடும் ஒழுங்கு. கரண்ட், கம்பி, கருவி, டிரைவர், கடவுச்சொல், தேதி, உலாவி, எழுத்துரு. கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். ஐந்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி தொங்க வேண்டும். கணக்கு டேலி ஆகாதபோது ஒவ்வொரு பதிவாகச் சரிபார்ப்பதும் இதே முறைதான்.

இரண்டாவது, பழியை யார் மேல் போடுவது என்பது. "உனக்குத் தெரியவில்லை" என்று அந்தக் காலத்தில் திட்டு வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்! கம்ப்யூட்டரைத் தொடவே பயந்து ஒதுங்கியவர்களும் உண்டு. மேலே சொன்ன பூட்டுகளில் அந்தப் பிள்ளையின் தப்பால் விழுந்த பூட்டு எது? கட்டணம் டெல்லியில் முடிவானது. தாய்லாந்துப் பெயர் போட்ட கட்டம் அமெரிக்காவில் முடிவானது. எழுத்துக்கான எண்ணில் நம்மவர்களே ஒத்துப்போகவில்லை. இதற்கெல்லாம் வட்டி கட்டியது பஸ் டிக்கெட்டும், போன் பில்லும், ரிசல்ட் அன்று விழுந்த கண்ணீரும்தான். எந்தக் கம்பெனியின் வரவு செலவிலும் அந்தத் தொகை ஏறவில்லை.

இன்று ராயப்பன்பட்டியில் ஒரு பெண் கைபேசியில் தன் ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டினால் அது தமிழிலேயே தெரிகிறது. அதில் என்ன அதிசயம் என்று அவள் கேட்கலாம். கேட்கட்டும். அதை அதிசயம் இல்லாததாக ஆக்கத்தான் இத்தனை பேர் உழைத்தார்கள்.